திரும்பி வந்த வாளி

எங்கள் தெருவில் என் அக்காவுக்குக் 'குப்பை இன்ஸ்பெக்டர்' என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவள் அவள். இரண்டு அறை வீட்டில் அவளும் நானும் மட்டும்.

தெருமுனைக் காலி மனையில்தான் ஊரே குப்பை கொட்டும். மழை பெய்தால் எங்கள் வாசல் வரை நாறும். நகராட்சி அங்கே உரக்குழிகள் கட்டித் தந்தபோது ஒரு நிபந்தனை வைத்தது. மக்கும் குப்பையைத் தெருக்காரர்களே பிரித்துத் தர வேண்டும். ஓராண்டு ஒழுங்காக நடந்தால் மீதி இடத்தில் பூங்கா வரும். கலந்து வந்தால் குழியை மூடிவிட்டுப் பழையபடி குப்பை லாரியை விடுவார்கள். யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டதும் எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். அக்கா கையைத் தூக்கினாள்.

அவளுக்கு ஒரே விதிதான். கலந்த வாளியைக் குழிக்கு அனுப்பமாட்டாள். அந்த வீட்டு வாசலிலேயே திரும்ப வைத்துவிடுவாள். திட்டமாட்டாள், ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அந்தப் பேசாமையைத்தான் தெருவால் பொறுக்க முடியவில்லை.

"ஏம்மா, தைக்கிற கைக்கு ஊசி போதாதா? ஊரு வாளியெல்லாம் கிளறணுமா?" என்று எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் கேட்டார்.

"முட்டை ஓட்டோட பிளேடும் கிடந்துச்சும்மா. குழியில கை விடுறவங்களுக்கும் அது கைதானே?"

"அப்படியா? இனிமே என் துணிய வேற எங்கயாச்சும் குடுத்துக்கறேன்."

சொன்னபடியே செய்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துணி தருவதை நிறுத்தினார்கள். பகலிலேயே மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதாயிற்று. மாலையில் அக்கா குழி மேட்டில் போய் உட்காருவாள். ஒரு பிடி உரத்தை எடுத்து முகர்ந்துவிட்டு, "மண்ணு வாசம் வந்துடுச்சுடி" என்பாள். அதைக் கேட்க நான் ஒருத்திதான்.

"இவங்களுக்காக நீ ஏன்க்கா கெட்ட பேரு வாங்கிக்கிற?"

"பூங்கா வந்துட்டா என் பேர யாருடி நெனைக்கப் போறா? பசங்க ஓட எடம் இருக்கும்ல."

ஆண்டு முடியச் சில நாள் இருக்கையில் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்குத் தெருவே வந்தது. வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். வாசலில் பேப்பர் கப்புகளும் மலர்வளையங்களும் மிஞ்சின. யாரோ ஒருவர், எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, எல்லாவற்றையும் மக்கும் குப்பைக்கான எங்கள் பச்சை வாளியிலேயே அமுக்கி வைத்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

மறுநாள் கதவைத் திறந்தபோது அந்த வாளி வாசலுக்கே திரும்பி வந்திருந்தது. குப்பை வண்டிக்காரர் தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பூவுக்குள்ள கம்பி, தெர்மாகோல் எல்லாம் கிடக்கு. நாளைக்கு அதிகாரி வேற பார்க்க வர்றாரு. சாவு வீடாச்சே, கொட்டிடலாம்னுதான் தூக்கினேன். முடியல."

"அக்கா இருந்திருந்தா?"

"இங்கதான் வெச்சிருப்பாங்க."

அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. வாளியை அங்கேயே கவிழ்த்துக் கொட்டிப் பிரிக்க உட்கார்ந்தேன். இதழ்களைக் கம்பியிலிருந்து உருவும்போது விரல் கிழிந்தது. எதிர்வீட்டு அம்மா பார்த்துக்கொண்டே நின்றவர், உள்ளே போய் ஒரு கட்டிங் பிளேயரோடு வந்தார்.

"நகரு. இழுக்காத, கம்பிய வெட்டு" என்றார். கடைசி இதழ் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, மடியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதிகாரி குழியைக் கிளறிப் பார்த்தார். பூங்காவுக்குச் சம்மதம் சொன்னார்.

இப்போது அங்கே பிள்ளைகள் ஓடுகிறார்கள். வாளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மெஷினின் உறையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. மாலையில் குழி மேட்டில் உட்கார்ந்து ஒரு பிடி அள்ளி முகர்கிறேன். மண் வாசம் வந்துவிட்டது. சொல்லத்தான் ஆளில்லை.