டென்னிஸ் வாசிக்காத ஸ்கேல்

சாக்ஸபோனின் ஊதுவாயில் இருக்கும் ரீடை நாக்கில் நனைத்தபடியே டென்னிஸ் கேட்பார்: "எந்த ஸ்கேலு?" ஈ பிளாட் என்றால் முகம் மலரும். பி பிளாட் என்றால் தலையாட்டுவார். வேறு எது சொன்னாலும், சில்லறை இல்லாத பயணியைக் கண்டக்டர் பார்ப்பதுபோல் ஒரு பார்வை.

சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் ஆப்செட் மெஷினில் வேலை. முகூர்த்த நாட்களில் ரிசப்ஷன் மேடை. சினிமாப் பாட்டுக்கு நடுவே கொஞ்சம் ஜாஸைச் செருகாமல் இறங்கமாட்டார். செருகிவிட்டு, முன்வரிசையில் யாராவது தலையாட்டுகிறார்களா என்று ஓரக்கண்ணால் தேடுவார்.

"ஜாஸ்காரவுக ஏன் பிளாட்டு பிளாட்டுன்னு கெடக்காக? ஊதுற குழலே அந்தச் சுருதியிலதான் செஞ்சு வருது. அங்கன வெரலு தன்னால ஓடும். வெறும் ஈ ஸ்கேலுல வாசிச்சா, என் சாக்ஸுல ஏழு சுரத்தையும் அரை ஏத்திப் பிடிக்கணும். எனக்கென்ன கிறுக்கா?" என்பார்.

அதே அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் பிரீத்திக்கு, தன் கல்யாண ரிசப்ஷனில் தானே பாட ஆசை. மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் கிடார் வாசிப்பவர். இருவரும் பழகியிருந்தது ஈ ஸ்கேலில்.

"அரைச் சுருதி எறக்கி ஈ பிளாட்டுல பாடு தாயி, மண்டபமா இடிஞ்சிரும்?" என்றார் டென்னிஸ்.

ஒத்திகையில் இறக்கினார்கள். பல்லவி கீழே போய்த் தொடும் இடத்தில் பிரீத்தியின் குரல் வெறும் காற்றானது. இன்னொரு முறையும் காற்றுதான். "விடுங்கண்ணே, நான் பாடலை" என்று மைக்கை வைத்துவிட்டாள்.

சீசன் நேரத்தில், முதலாளி முறைக்க முறைக்க, நான்கு நாள் லீவு போட்டார் டென்னிஸ். ஆனைக்குட்டம் அணைக் கரையில் விடிந்ததும் போய் நின்று ஈ ஸ்கேலில் சாதகம். தினமும் பாட்டின் நடுவே விரல் இடறியது.

ஆடு மேய்க்கும் பேச்சியம்மாள் மூன்றாம் நாள் பொறுமை இழந்தாள். "ஏன்யா, நேத்தும் இங்கனதான விழுந்தீக?"

"இன்னைக்குக் கொஞ்சம் தள்ளித்தான ஆத்தா விழுந்தேன்!"

ரிசப்ஷன் மேடையில் பிரீத்தியைக் கூப்பிட்டு, "ஒன் ஸ்கேலுலயே பாடு" என்றார். நடுவில் அவர் ஊதியதில் ஒரு சுரம் தவறியது. அதை அப்படியே இழுத்து வளைத்து, வேண்டுமென்றே செய்ததுபோல் ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். முன்வரிசை விசிலடித்தது. பல்லவி கீழே இறங்கியது. பிரீத்தியின் குரல் தரையைத் தொட்டுத் திடமாக நின்றது.

"ஒன்ஸ் மோர்!" என்று மண்டபமே கத்தியது. சூர்யபிரகாஷ் குனிந்து, "அண்ணே, ஒங்க வெரலு பாவம். அடுத்த பாட்டுக்குப் போயிருவமா?" என்றான்.

டென்னிஸ் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். வெறுங்காலால் மேடைப் பலகையைத் தட்டி, ஒன்று, இரண்டு என்று அதே பாட்டுக்குத் தாளம் எண்ணத் தொடங்கினார்.