தைத்த சாக்கோடு வந்தவர்கள்

தலைமன்னாரில் ரயிலால் இறங்குகிறவர்களில் யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று நான் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. பையைப் பார்த்துத்தான். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவன்தான், ஆனால் பை படிப்பதில் எனக்குப் பட்டமே தரலாம். முதுகுப் பை என்றால் மணல் திட்டுப் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். நீளப் பை என்றால் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறவர்கள். அன்று வந்த ஐயா கொண்டுவந்தது உரச் சாக்கு. அதன் வாயை நைலோன் நூலால் நெருக்கித் தைத்திருந்தார்.

எனக்கு அந்தத் தையல் பிடிக்கவில்லை.

காரணம் இருந்தது. என் கூட்டாளியின் ஓட்டோ பொலிஸ் வளவில் நிற்கிறது. யாரோ ஏற்றிய பொதிக்குள் கஞ்சா இருந்ததாம். தனக்கு ஒன்றும் தெரியாதென்று அவன் வழக்குக்கு அலைகிற இடைவெளியில் ரயர்கள் வெடித்து, பின் சீற்றில் கோழி முட்டையிடத் தொடங்கிவிட்டது. என்னுடைய ஓட்டோ எனக்கும் அத்தானுக்கும் பொது. பகலில் நான் ஆட்களை ஏற்றுவேன், விடியப்புறத்தில் அவர் மீன் ஏற்றுவார். அது போனால் இரண்டு வீட்டு அடுப்பும் அணையும்.

"சாக்கைத் தாங்கோ ஐயா, பின்னால வைப்பம்."

"வேண்டாம் தம்பி, மடியில வைச்சிருக்கிறன்."

"உள்ள என்ன சாமான்?"

"தேவையான சாமான்."

"தேவையில்லாத சாமானை ஆர் ஐயா கொழும்பில இருந்து சுமந்துகொண்டு வருவினம்?"

அவர் சிரிக்கவில்லை. கைத்தடியோடு நின்ற அவருடைய மனைவி ஸ்ரேசன் பெயர்ப் பலகையை மனப்பாடம் செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா ஓட்டோவில் ஏறி அமரவே நிறைய நேரமாயிற்று. அமர்ந்ததும் குதிக்கால் இரும்பில் இடித்தது.

"சீற்றுக்குக் கீழ என்ன ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?"

"காத்தடிக்கிற பம்ப் அம்மா. ஒளிக்கிற சாமான் எல்லாம் உங்கட பக்கத்திலதான்."

ஐயாவின் முகம் சுருங்கியது. நான் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, சாக்கு தெரிகிற மாதிரித் திருப்பிக்கொண்டேன்.

அவர்கள் போகவேண்டியது ஊர் முடிந்த பிறகு கரையில் தனியாக இருக்கும் கபானா விடுதிக்கு. பனையோலை வேய்ந்த நாலு குடில், ஒரு தண்ணீர்த் தாங்கி, மிச்சம் எல்லாம் கடல். தார் றோட்டில் கழுதைகள் வழி மறித்தபோது பிறேக் போட்டேன். சாக்குக்குள் 'டணங்' என்றது. நல்ல கனமான இரும்பு. இன்னொரு பள்ளத்தில் வேண்டுமென்றே விட்டேன். இரண்டு முறை 'டணங்'.

அப்போது ஐயாவின் போன் சத்தமிட்டது. எங்கள் பக்கத்தில் அது வழமை. அக்கரைச் சிக்னல் பிடித்தால் இந்தியாவுக்கு வரவேற்கிறோம் என்று செய்தி வந்துவிடும்.

"தம்பி, எங்க கொண்டுபோறீர்?"

"இந்தியாவுக்குத்தான் ஐயா. நான் அங்க அகதி முகாமில பிறந்தனான், வழி தெரியும்."

மற்றப் பயணிகள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இவர் சாக்கை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். அம்மா மெதுவாகக் கேட்டார்.

"வழியில நேவி செக்கிங் இருக்கோ?"

"இருக்கும்."

"சாக்கெல்லாம் அவிழ்ப்பினமோ?"

எனக்கு நெஞ்சுக்குள் கோழி முட்டையிட்டது.

தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஓட்டோவை நிறுத்தி இறங்கினேன். இங்கே எல்லாரும் அப்படித்தான். மணலுக்குள் போகமுன் ரயர்க் காற்றில் பாதியை இறக்கவேண்டும், இல்லாவிட்டால் சில்லு புதைந்துவிடும். நான் குந்தியிருந்து வால்வை அழுத்த, குடையோடு ஐயா பின்னால் வந்து நின்றார்.

"ஏன் காத்தை இறக்கிறீர்?"

"மணலுக்கு."

"நல்லா ஓடின ரயரை ஏன்? இந்த இடத்தில ஆளும் இல்லை, பேரும் இல்லை."

சொல்லிக்கொண்டே நம்பர் பிளேற்றைப் படம் எடுத்தார். நான் கள்ளனாம்! தைத்த சாக்கோடு வந்தவர் என்னைக் கள்ளன் என்கிறார்.

கொஞ்சம் தள்ளிப் பற்றைக்குள் இருந்த காவலரணில் இருந்து ஒரு நேவிக்காரர் எங்களை நோக்கி நடந்து வந்தார். "மல்லி, மொனவத?" என்றார். என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்கிறார். நான் எழுந்து இரண்டு கையையும் உயர்த்தாத குறைதான். "மம தன்னே நே மாத்தயா, எனக்கொண்டும் தெரியாது. சாக்கைப் பாருங்கோ, அவையின்ர சாக்கு."

"தம்பி!" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

நேவிக்காரர் நூலை வெட்டியதும் சாக்கு கழன்று விழுந்தது. உள்ளே நாலு இரும்புக் கால், நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட இருக்கை. கக்கூசுக்குப் பாவிக்கிற, மடிக்கிற கொமட் கதிரை. கழுவித் துடைத்து, பழைய சேலைத் துணியால் சுற்றியிருந்தது.

நேவிக்காரர்தான் முதலில் கண்ணைத் திருப்பினார். "சமாவென்ன அம்மே" என்று மன்னிப்புக் கேட்டு, சாக்கைத் தானே ஏற்றிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். எனக்குத் திரும்பிப் போக அரண் ஒன்றும் இருக்கவில்லை.

"இடுப்பு முறிஞ்சு ஒரு வருசம்," என்றார் ஐயா. "குந்தேலாது. அதாலயே இவ வீட்டுப் படலை தாண்டேல்லை. கடல் பாக்கவேணும் எண்டு கேட்டா. ஒருத்தரும் இதைக் காணக்கூடாது எண்டுதான் வந்தவ."

நான் இரண்டு பேருக்குக் காட்டிவிட்டேன், என்னையும் சேர்த்து.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஓட்டோவைத் திருப்பும் தம்பி. பின்னேர றெயினுக்கே போயிடுவம்."

கடல் அங்கிருந்து தெரியாது. ஒரு மணல் மேடு மறைத்துக்கொண்டிருந்தது. அலைச் சத்தம் மட்டும் வந்தது. பகிடி ஒன்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று.

"திருப்பேலாது அம்மா," என்றேன். "காத்து இறக்கியாச்சு. இந்த ரயரோட தார் றோட்டில ஓடினா றிம் போயிடும். பம்ப் விடுதியிலதான் இருக்கு. அங்க போய்த்தான் அடிக்கவேணும்."

ஐயா என்னையும் ரயரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார்.

மேட்டைக் கடந்ததும் கடல் முழுதாக வந்தது. விடுதியில் சாக்கை நானே சுமந்து குடிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். அங்கே வேலை செய்பவர் "உள்ள என்ன?" என்றார். "தேவையான சாமான்," என்றேன். பம்ப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் சத்தமில்லாமல் ஓட்டோவை எடுத்தேன்.

அடுத்த நாள் சொன்ன நேரத்துக்குப் போனேன். அம்மா குடில் வாசலில் ஈரக் காலோடு இருந்தார். பாதத்தில் மணல் ஒட்டியிருந்தது.

"இண்டைக்குப் போகேல்லை. நாளையிண்டைக்கு வாரும்," என்றார்.

"ஓம் அம்மா." திரும்பினேன்.

"தம்பி, விடுதியில பம்ப் இருக்கோ எண்டு விசாரிச்சனான். இல்லையாம்."

நான் குனிந்து செருப்பில் இருந்த மணலைத் தட்டினேன்.

"நேற்று வழி முழுக்க நான் ஒரு பம்புக்கு மேலதானே இருந்து வந்தனான்," என்றார். "குதிக்கால் இன்னும் நோகுது."