உடைந்து நின்ற பெயர்

புலம்பெயர்ந்து வந்த இந்த ஊரில், சென்ட் லோரன்ட் நூலகத்தில் சனிக்கிழமைகளில் என் எதிரே ஒரு பெண் வந்து உட்காருவாள். எங்கோ கணினிப் புரோகிராம் எழுதும் வேலை. கழுத்தில் கம்பளிச் சால்வை, தூங்காத கண்கள். மட்டக்களப்பில் காணாமற்போன அண்ணனைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

எழுதியது மடிக்கணினியில், வேலைக்குப் புரோகிராம் எழுதும் அதே எடிட்டர் மென்பொருளில். எழுதியதைவிட அதன் செட்டிங்கை மாற்றியதுதான் அதிகம். அண்ணனின் பெயர் 'கோ'வில் தொடங்கும். அதை அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாக விலகி நிற்கும். எழுத்துருவை மாற்றினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மேசையில் ஓங்கித் தட்டுவாள்; பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒருநாள் எனக்கே பொறுமை போய்விட்டது.

"புரோகிராம் எழுதுற எடிட்டரிலை ஏன் மினக்கெடுறீங்கள் தங்கச்சி? வேறை ஏதாவதிலை எழுதுங்கோவன்."

"நாள் முழுக்க நான் இதுக்குள்ளதான் இருக்கன், அக்கா. அண்ணன வேற எங்கயும் கொண்டுபோய் வைக்க ஏலா."

சொல்லிவிட்டு, உடைந்த எழுத்தை அழித்து மீண்டும் அடித்தாள். அது மறுபடியும் உடைந்தது.

கோடை வந்ததும் அவள் வருவது நின்றுவிட்டது. எழுதி முடித்தாளா, வெறுத்துப்போய் விட்டுவிட்டாளா, தெரியாது. அந்த எடிட்டரைச் செய்த முகந்தெரியாத மனிதர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.