கம்பெனி எஞ்சின்

போன வாரம் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒருவர் எஞ்சின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய கார்கள் சேர்க்கும் ஒருவருக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். அப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, வண்டியோடு வந்த அதே எஞ்சின் இருந்தால்தான் எடுப்பார்களாம். எஞ்சினில் வெட்டியிருக்கும் நம்பரை அச்செடுத்து, வண்டியில் கம்பெனி அடித்த தகட்டோடு ஒப்பிட வேண்டும்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. ஷெட்டுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடந்தேன். அப்பா இப்போது இல்லை. கணக்கு வாத்தியார், அரை மார்க்கைக்கூடத் தூக்கிப் போடாத ஆள். "கம்பெனியில பூட்டுன எஞ்சின்யா, இன்னிக்கு வரைக்கும் மாத்தல" என்று சாகும்வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அது பொய்யாகிவிட்டால்? கார் போனால் போகட்டும், அப்பா பொய்யராகிவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் படபடப்பு.

இந்த கிரீஸ் வாசனை இருக்கிறதே, அது ஆளைச் சும்மா விடாது. வண்டியில் இரண்டே சீட்டு. சனிக்கிழமை சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு அப்பா தாடிக்கொம்புவரை போய் வருவார். இடமில்லாத அம்மாவுக்குத் திரும்பும்போது மல்லிகைப்பூ, சமாதானத்துக்கு. ஒரு கோடையில் மட்டும் கார் நகரவே இல்லை. ஊரெல்லாம் வறட்சி. மழைக்குப் பிறகு அது மறுபடி கிளம்பியபோது, "சத்தம் வேற மாதிரி இருக்கேப்பா" என்றேன். "காதுல அழுக்கு. எடு" என்றார். நானும் எடுத்தேன், மக்கு.

"ஏனுங்கக்கா," என்றார் வந்தவர். "நம்பரு ஒத்து வரலைங்க. இது ஏதோ டாக்சி எஞ்சினுங்க."

அடுப்படிக்கு ஓடினேன். அம்மா சோற்றுக்கு வெஞ்சனம் வைக்க வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"கத்தாதடி. அந்த வறட்சியில எங்கண்ணன் தோட்டத்துத் தக்காளி அம்புட்டும் கருகுச்சு. ஒங்கப்பாவுக்கு மனசு கேக்கல. கார் எஞ்சினக் கழட்டி, தண்ணி எறைக்கக் கெணத்துக்குள்ள எறக்குனாரு. ஒரே ராத்திரி மழை. கெணறு ரொம்பி எஞ்சின் முங்கிப்போச்சு. காரோடதுன்னு தெரிஞ்சா அண்ணன் தாங்காதுன்னு, கெணத்துல போனது எங்கயோ கெடந்த ஓட்டை எஞ்சின்னு சொல்லிட்டாரு. சொன்ன சொல்ல அப்பறம் மாத்தவே இல்ல."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாவி மனுசன்! எங்களுக்கு அரை மார்க் தராதவர், மச்சானுக்காக ஆயுசு முழுக்கப் பொய்க்கணக்கு போட்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்தா மாமா கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும்? காரைக் கடைசியாக ஒருதரம் பார்க்க வந்திருந்தார். அவர் தோட்டம் மனைகளாகி, கிணற்றை மூடி, மேலே யாரோ மாடி வீடு கட்டிவிட்டார்கள். எஞ்சின் கிடந்த இடத்தைக்கூட இனிமேல் காட்ட முடியாது.

கோயம்புத்தூர்க்காரர் வாசலைத் தாண்டிப் போவதை மாமா பார்த்தார். வண்டியின் பானெட்டைத் தடவிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"என்ன தாயி, எடுக்காமப் போறான்? கம்பெனி எஞ்சின் இல்லையாமா?"



"கம்பெனி எஞ்சின்தான் மாமா," என்றேன். "நாந்தான் குடுக்க மாட்டேன்னுட்டேன்."