கயிறு மட்டும் எங்களுக்கு

இல்லை, அழவில்லை. அப்பாவின் அம்பாசிடர் காரை இன்று உசிலம்பட்டி மாட்டு வியாபாரி ஒருவரிடம் கொடுத்தாயிற்று.

சாவியை வாங்கியவர், அதிலிருந்த பித்தளை வளையத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். அப்பா அழகர்கோவிலில் வாங்கியது.

"மாட்ட விக்கிறவுக கயித்தக் குடுக்கக் கூடாது தாயி. வீட்டு ராசி அதுலதான் இருக்கு."

தான் கொண்டுவந்த புதுச் சிவப்புக் கயிற்றில் சாவியைக் கோத்தார். பானெட்டைத் தடவி, "வாரியா, போவோம்" என்றார்.

தள்ளிவிடாமல் எங்களுக்கு ஒருநாளும் கிளம்பாத வண்டி, அவருக்கு முதல் திருப்பிலேயே கிளம்பியது. ஆச்சரியம்தான். கொஞ்சம் பொறாமையும்.

நான் பார்த்துவைத்திருக்கும் மின்சாரக் காருக்குச் சாவியே கிடையாது, பொத்தான்தான். அதை விற்கும் நாளில் எதைக் கழற்றி வைத்துக்கொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வளையத்தை வீட்டுச் சாவியில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.