மிஸ் தந்த பெட்டியில் இருக்கும் வண்டு

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வருகிறவர்கள், சுவரில் மாட்டியிருக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கண்டதும் போனை எடுத்துவிடுவார்கள். உள்ளே இரண்டு பூச்சிகள். ஒன்று இளம்பச்சை அந்துப்பூச்சி. சிறகில் கண் போன்ற புள்ளிகள். மற்றது கறுத்துத் தடித்த வண்டு. அந்துப்பூச்சி மட்டும் படத்தில் விழும்படி போனைச் சரித்துப் பிடிப்பார்கள். நானும் வெளிச்சம் மறைக்காமல் விலகி நிற்பேன்.

பெட்டியைத் தந்தவர் நான் வேலை செய்யும் பூச்சி ஆய்வுப் பிரிவின் முன்னாள் தலைவி. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருவார். எங்களுக்கு அவர் 'மிஸ்'. இந்த இரண்டு பூச்சிகளும் ஒரே காட்டுத் துண்டில் அருகிக்கொண்டிருந்தவை. ஆனால் அந்துப்பூச்சியின் புழுவான மயிர்க்கொட்டிக்கு ஒரு செடியின் தளிர் வேண்டும். வண்டின் புழுவுக்கு உளுத்த மரம் வேண்டும், அதற்குள்தான் அது கிடந்து வளரும். அந்துப்பூச்சியின் அழகைப் போஸ்டரில் போட்டோம், ஆதரவு குவிந்தது. செடி நடுவதற்கு இடம் தேடி, விழுந்து கிடந்த பட்டமரங்களை இழுத்துக் குவித்து எரித்தோம். உத்தரவு மிஸ்ஸுடையது. வண்டின் நினைப்பு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. பூச்சி படித்தவர்கள் என்று எங்களுக்குப் பெயர் வேறு.

அந்துப்பூச்சி பெருகியது. வண்டை அதன்பிறகு அங்கே காணவில்லை.

பாராட்டு விழாவில் பொன்னாடை போர்த்தியதும் மிஸ் மைக்கைப் பிடித்தார்.

“அந்துப்பூச்சி தப்பிட்டுது, சந்தோசம். வண்டின்ர வீட்டை நாங்கதான் கொளுத்தினது. அதுக்கும் சேர்த்தா இந்தப் பொன்னாடை?”

என்ன அடக்கம் என்று நினைத்துச் சபை கைதட்டியது. நானும் தட்டினேன். மிஸ் பொன்னாடையைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கினார். அவர் தலை நிமிரவேயில்லை.

அதன்பிறகு லீவு போட்டுக்கொண்டு தனியாக அந்தக் காட்டுக்குப் போய், மிஞ்சிய பட்டமரங்களைப் புரட்டிப் பார்ப்பார். ஓய்வுபெற்ற பிறகும் போனார். போன வருடம் முழங்கால் ஏலாமல் போனபோதுதான் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கையில் தந்தார்.

“இனி நீங்க போய்த் தேடுங்க தம்பி. ஒண்டாவது இருக்கும்.”

“ஓம் மிஸ்” என்றேன். இன்றுவரை ஒருநாளும் போகவில்லை. மழை, வேலை, முதுகு நோவு என்று எனக்குச் சாட்டுக்குக் குறைவில்லை. அவர் எனக்குப் போன் எடுத்தால் மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை வந்திருந்தாள். அந்துப்பூச்சியைப் படம் பிடித்தவள், வண்டைக் காட்டிக் கேட்டாள்.

“இது இன்னும் இருக்குதோ அத்தான்?”

“தேடிக்கொண்டிருக்கிறம்.”

யோசிக்காமலே வந்துவிட்டது. சொன்ன வாயை மூடிக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது. அவளோ நம்பிவிட்டாள். இரண்டையும் சேர்த்து எடுக்கவென்று போனை நேராகப் பிடித்தாள்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ அத்தான். கண்ணாடியில வண்டுக்கு மேல உங்கட முகம் விழுது.”