எஸ்தர் அக்காவுக்கு நான் சொன்ன சயாம் சாட்சி

எஸ்தர் அக்கா போய்விட்டார். இன்று காலை, மலாக்கா காஜா பெராங்கில் தன் வீட்டிலேயே. வயது தொண்ணூற்று நான்கு.

அக்காவின் மகள் போன் போட்டாள். "மாமா, நாளைக்கு அடக்க ஆராதனையில அம்மாவப் பத்தி நீங்கதான் பேசணும். ஜப்பான் காலத்து ஆளு வேற யாரு இருக்கா?"

பேச்சில் என்னை அடிக்க மலாக்காவில் ஆளில்லை. தொண்ணூறு வயதில் ஐபேடில் தமிழ் டைப் பண்ணுகிறவன், எட்டாயிரம் ஃபாலோவர்ஸ் உள்ளவன்... சரி, எண்ணூறு. ஆனால் நாளைக்கு என்னால் வாய் திறக்க முடியாது. அதனால் இங்கே.

என் சயாம் மரண ரயில் கதையை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை படித்து லைக் போட்டிருப்பீர்கள்... மலைப்பாம்பைச் சுட்டுத் தின்றது, பாலத்தில் ஒற்றைக் கையில் தொங்கியது. எல்லாம் ரீல். நான் போனது தம்பின் ஸ்டேஷன் வரைக்கும். மலாக்காவிலிருந்து இருபத்துநாலு மைல்.

சயாம் காட்டில் ரயில் பாதை போட ஆள் பிடித்த ஜப்பான்காரன், பசாரில் நின்ற எங்களை லோரியில் ஏற்றினான். அப்போது எனக்குப் பதினெட்டு. அதே லோரியில் எஸ்தர் அக்காவின் புருஷன் ஞானமுத்து அண்ணனும் இருந்தார்.

தம்பினில் எனக்கு வாந்திபேதி. காலரா என்று பயந்து, துப்பாக்கிக் கட்டையால் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, மற்றவர்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் ஐந்து மாதம் ஒளிந்து கிடந்தேன்.

எலும்பும் தோலுமாக ஊரில் வந்து இறங்கினேன். "சயாம்லேருந்து தப்பிச்சி வந்துட்டான்" என்று ஊர் சொன்னது. நான் இல்லை என்று சொல்லவில்லை. அங்கே மலேரியா வந்ததாக நானே சேர்த்தும் சொன்னேன்.

அந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டம். ஆண்டவர் தனக்குச் செய்ததை ஒவ்வொருவரும் எழுந்து சாட்சியாகச் சொல்வது எங்கள் வழக்கம். உபதேசியார் என்னை எழுப்பினார். எதிரே இருநூறு பேர்... இல்லை, இருபது பேர். சயாமைப் பற்றி அளந்து தள்ளினேன்.

எஸ்தர் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். அண்ணன் போன நாளிலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல், தலை வாராமல் மூலையில் கிடந்தவர்.

"எங்க வீட்டுக்காரரப் பாத்தியா தம்பி?"

இல்லை என்று ஒரு சொல். அது வரவில்லை.

"பாத்தேங்க்கா. கேம்ப்பு சமையக்கட்டுல இருக்காரு. நல்லா இருக்காரு. தாடி வளத்திருக்காரு."

தாடி வேறு...

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் அக்கா. தலை வாரியிருந்தார். கூடையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு.

"வா தம்பி. புருஷன அனுப்பிட்டு அழுவுறவங்க எத்தன பேரு. ஆண்டவர் எனக்குக் குடுத்த ஆறுதல நான் மட்டும் வெச்சிக்கிட்டு இருந்தா சரியா?"

தெங்கேரா, கிளேபாங், எல்லாம் நடைதான். சிலுவை மாட்டிய வீடு, விபூதி வைத்த வீடு என்று பார்க்க மாட்டார். தரையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து ஜெபம் பண்ணுவார். பிறகு என்னைக் காட்டுவார். "இவன் கண்ணால பாத்தவன்."

ஒவ்வொருத்தியும் தன் ஆளைக் கேட்டாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு சேதி கொடுத்தேன்.

தெங்கேராவில் காமாட்சி அக்கா மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா, எல்லாருமே சமையக்கட்டுலதான் இருக்காங்களா? அப்ப ரயில் ரோட்ட யாருடா போடுறது?"

எஸ்தர் அக்கா சிரித்துவிட்டார். லோரி போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதற்கப்புறம் எப்படி உண்மையைச் சொல்வது... இது சாக்கு. எனக்கே தெரியும்.

ஜப்பான்காரன் போனதும், நிஜமாகவே சயாமில் இருந்த ஒருவர் திரும்பி அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். "ஞானமுத்து போன மொத மாசமே காலராவுல போயிட்டான்மா. நாந்தான் பொதைச்சேன்."

அக்கா பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ பாத்தது யார, தம்பி?"

"தாடி வெச்சா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருந்தாங்கக்கா. ஆளு மாறியிருக்கும்."

"சரி விடு. நீயும் காய்ச்சல்ல கெடந்தவன்தானே, பாவம்."

நான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்தது. செய்த தப்பு அப்படியே இருந்தது.

அடுத்த வாரம் வெள்ளைச் சேலையில் அதே வீடுகளுக்கு மறுபடியும் நடந்தார். "தப்பான சேதி கொண்டாந்துட்டேன், மன்னிச்சிரு." என் பெயரை எந்த வீட்டிலும் எடுக்கவில்லை. நான் வயிற்றுவலி என்று வீட்டில் போர்த்திப் படுத்திருந்தேன்.

காமாட்சி அக்கா பிறகு சொன்னார்: "மன்னிப்புக் கேக்க வேண்டியவன் எங்கடின்னு கேட்டேன். அவன் சின்னப் பையன், விடுன்னுட்டா."

அதற்கப்புறம் வாழ்நாள் முழுவதும், சாவு விழுந்த வீட்டில் முதல் ஆளாக அவர்தான். சேதி எதுவும் கொண்டுபோகவில்லை. பக்கத்தில் உட்காருவார். "எனக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி" என்பார். பிறகு ஜெபம்.

என் மனைவி தவறியபோது மூன்று நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். நான் சயாம் காட்டு மழையைப் பற்றிப் பேசினேன். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா, நான் நிஜமாகப் பார்த்தது ஒன்று உண்டு. இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

தம்பின் பிளாட்பாரத்தில் நான் வாந்தியில் கிடந்தபோது எல்லோரும் விலகிப் போனார்கள். ஞானமுத்து அண்ணன் மட்டும் வரிசையை விட்டு வந்தார். சட்டைத் துணியால் என் வாயைத் துடைத்தார். தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். ஜப்பான்காரன் முதுகில் அடித்தான், மறுபடியும் அடித்தான். ஆமென் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்து போய் ரயில் ஏறினார்.

இதைச் சொன்னால் நான் தம்பினோடு நின்றுவிட்டது தெரிந்துவிடும். அதனால் உங்களுக்குச் சொல்லவில்லை.

போய் வாருங்கள் அக்கா. இந்நேரம் அண்ணனே சொல்லியிருப்பார்.